பவர் எல்இடிக்கு ரெசிஸ்டரும் ஹீட்சிங்கும்: பர்மா வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கூனில் மின்சாரம் திரும்பி வரும் நொடியில் தெரு முழுக்க ஒரே குரல் எழும்: "மீ லா பீ!" பர்மிய மொழியில் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதையேதான் கத்துகிறார்கள். அந்தக் குரல் கேட்கும்வரை வீட்டுக்கு வெளிச்சம் தருவது ஒரு 12 வோல்ட் பேட்டரியும் நாலைந்து எல்இடியும்தான். அந்த விளக்கைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், கோயில் திருவிழாவுக்கு விளக்குக் கட்டும் அண்ணன்மார், இரவில் தையல் தைக்கும் அக்காமார் என்று பலரும் கேட்டவை இவை.

பலருக்கும் ஒரே இடத்தில்தான் தப்பு நேர்கிறது. கையில் கிடைக்கும் கணக்கெல்லாம் 25 டிகிரி அறைக்கும், அசையாத 12 வோல்ட்டுக்கும் போட்டவை. இரண்டுமே நம் வீட்டில் கிடையாது. ஆகவே எண்களை நம் ஊர் வெயிலுக்கும் நம் பேட்டரிக்கும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

பவர் எல்இடி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ரேடியோவிலும் சார்ஜரிலும் மினுக்கும் சின்ன எல்இடிக்கு 0.02 ஆம்பியர் போதும். அதற்குக் கால்வாட் ரெசிஸ்டர் (கரண்ட்டை மட்டுப்படுத்தும் சின்ன உறுப்பு) ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். நான் பேசுவது 1 வாட், 3 வாட், 10 வாட் என்று விற்பவற்றைப் பற்றி. 1 வாட் என்றால் 0.35 ஆம்பியர், 3 வாட் என்றால் பெரும்பாலும் 0.7 ஆம்பியர். வெள்ளை நிறத்துக்கு இரு முனைக்கு நடுவே 3 முதல் 3.4 வோல்ட் நிற்கும், சிவப்புக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இந்தப் பக்கத்தில் வெள்ளைக்கு 3.2 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

3.2 வோல்ட் எல்இடிக்குச் சரியாக 3.2 வோல்ட் கொடுத்துவிட்டால் ரெசிஸ்டர் எதற்கு?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

குண்டு பல்புக்கு வோல்டேஜ் கொஞ்சம் கூடினால் கரண்ட்டும் கொஞ்சம்தான் கூடும். எல்இடி அப்படி நடந்துகொள்ளாது. ஒரு எல்லைவரை கதவு மூடியிருக்கும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே கரண்ட் மளமளவென்று ஏறிவிடும். எல்இடி சூடேறும்போது அந்த எல்லையும் கீழே இறங்குகிறது, ஒவ்வொரு டிகிரிக்கும் 2 முதல் 4 மில்லிவோல்ட் வரை. அதாவது மாலையில் சரியாக எரிந்த அதே 3.2 வோல்ட், அரை மணி கழித்து எல்இடி சூடானதும் அதிகமாகிப் போகும். கரண்ட் கூடும், அதனால் சூடு கூடும், அதனால் மறுபடியும் கரண்ட் கூடும். இந்தச் சுழலில் சிக்கிய எல்இடி தப்பாது.

ரெசிஸ்டர் அந்தச் சுழலை அறுக்கிறது. கரண்ட் ஏற முயன்றால் ரெசிஸ்டரின் மேல் விழும் வோல்டேஜும் ஏறி, எல்இடிக்குக் கிடைப்பது குறைந்துவிடும். ரெசிஸ்டர் மேல் விழும் வோல்டேஜ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிதானமாக எல்இடி எரியும். அதற்கு விலையாகக் கொஞ்சம் மின்சாரம் வெறும் சூடாகப் போகும்.

12 வோல்ட் பேட்டரிக்கு மூன்று 1 வாட் எல்இடி போடுகிறேன். எத்தனை ஓம்?

சீரீஸில், ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்தால் மூன்றுக்கும் சேர்த்து 9.6 வோல்ட். பாடப்புத்தகக் கணக்குப்படி 12-இல் 9.6 போக மிச்சம் 2.4 வோல்ட். அதை 0.35-ஆல் வகுத்தால் 6.86. கடையில் 6.8 ஓம் கிடைக்கும். பிள்ளைகள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வகுத்தலில் தப்பில்லை, ஆனால் விளக்கு எரிந்துபோகும்.

நம் பேட்டரி 12 வோல்ட்டில் நிற்பதே இல்லை. காரில் வருவதும் யுபிஎஸ்ஸில் வருவதுமான ஈய பேட்டரி, சார்ஜ் நிறைந்து சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.8 வரை காட்டும். முக்கால்வாசி இறங்கினால் 11.8 பக்கம் வந்துவிடும். கரண்ட் வந்து சார்ஜர் வேலை செய்யும்போதோ, நடுப்பகலில் சோலார் ஏற்றும்போதோ 14.4 வரை போகும். விளக்கை அணைக்க மறந்த வேளையில் "மீ லா பீ" குரல் கேட்டால், அந்த 14.4 வோல்ட் நேராக விளக்கில் வந்து விழுகிறது. 6.8 ஓம் போட்டிருந்தால் 4.8-ஐ 6.8-ஆல் வகுக்க 0.7 ஆம்பியர். இது தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு.

ஆகவே மேல் எல்லையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 14.4-இல் 9.6 போனால் 4.8. அதை 0.35-ஆல் வகுத்தால் 13.7. அதற்கு அடுத்து எளிதாகக் கிடைக்கும் அளவு 15 ஓம். இப்போது பாருங்கள்: 14.4 வோல்ட்டில் 0.32 ஆம்பியர், 12.6-இல் 0.2, 11.8-இல் 0.15. பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் குறையும். நிஜத்தில் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே குறையும், ஏனென்றால் கரண்ட் குறையும்போது எல்இடியின் சொந்த வோல்டேஜும் சற்று இறங்கும். வெளிச்சம் மங்குவதை நான் குறையாக நினைப்பதில்லை. பேட்டரியை அடிமட்டம்வரை உறிஞ்சாதே என்று விளக்கே சொல்வது போலத்தான் அது.

"0.35 கொடுக்க வேண்டியதற்கு 0.2-தான் கொடுக்கிறோமே, பாதி வெளிச்சம்தானே வரும்?" என்று கேட்பார்கள். பாதிக்கு மேலேயே வரும். கரண்ட் குறைவாக ஓடும்போது எல்இடி வாட்டுக்கு அதிக வெளிச்சம் தரும். இரண்டு எல்இடிக்கு முழுக் கரண்ட் கொடுப்பதைவிட நாலுக்குப் பாதி கொடுப்பது எனக்குப் பிடித்த வழி. சூடும் பரவலாக இருக்கும், ஆயுளும் கூடும்.

இரண்டு எல்இடி மட்டும் போட்டால்? நாலு போட்டால்?

இரண்டு என்றால் 6.4 வோல்ட். மேல் எல்லையில் மிச்சம் 8 வோல்ட், 27 ஓம் போடலாம். 14.4-இல் 0.3 ஆம்பியர், 11.8-இல் 0.2 ஆம்பியர். வெளிச்சம் அதிகம் ஆடாது. தையல் வேலைக்கு இதுதான் நல்லது. ஆனால் பேட்டரியிலிருந்து போவதில் பாதிதான் எல்இடிக்குச் சேரும், மீதிப் பாதி ரெசிஸ்டரில் சூடாகிவிடும். மூன்று போட்டால் 12.6 வோல்ட்டில் முக்கால் பங்கு எல்இடிக்குக் கிடைக்கிறது.

நாலு போட்டால் 12.8 வோல்ட் கேட்கும். பேட்டரியில் அது இல்லை. சார்ஜர் ஓடும்போது எரிந்து, கரண்ட் போன பிறகு மங்கிவிடும் விளக்கு யாருக்கு வேண்டும்?

ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்கிவிட்டோம். கணக்கு மாறுமா?

கொஞ்சம் மாறும், நல்ல பக்கமாக. நாலு செல் கொண்ட அந்த பேட்டரி பெரும்பாலான நேரம் 13 முதல் 13.3 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். சார்ஜ் ஆகும்போது 14.6 வரை ஏறும். அதே மூன்று எல்இடிக்கு அதே 15 ஓம் போட்டால் 14.6-இல் 0.33 ஆம்பியர், சாதாரண நேரத்தில் 0.24. முடியும் தறுவாய்வரை வெளிச்சம் ஒரே சீராக இருப்பதால், முடியும்போது சட்டென்று அணைந்துவிடும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ரெசிஸ்டர் எத்தனை வாட்?

கரண்ட்டைக் கரண்ட்டால் பெருக்கி ஓமால் பெருக்குங்கள். 0.32 × 0.32 × 15 = 1.54 வாட். வருவதை இரண்டால் பெருக்கி, அதற்கு மேலே கடையில் என்ன கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இங்கே 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். வெள்ளைச் செங்கல் போல நீளமாக இருக்கும், மேலேயே வாட்டும் ஓமும் அச்சடித்திருக்கும், நிற வளையம் படிக்கத் தேவையில்லை. இரண்டு எல்இடிக்குச் சொன்ன 27 ஓமில் 2.4 வாட் விழும், அதற்கும் 5 வாட்டே பொருந்தும்.

ஏன் இரண்டு மடங்கு? 5 வாட் ரெசிஸ்டர் 5 வாட்டையும் தாங்கும், ஆனால் அப்போது அதன் மேல்தோல் கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். தகரக் கூரைக்கு அடியில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை வைத்தால் பெட்டி உருகும், பக்கத்து ஒயரின் தோல் உரியும். ரெசிஸ்டரைப் பலகையோடு ஒட்டவைக்காமல் ஒரு விரல் தடிமன் தூக்கிச் சால்டர் செய்யுங்கள், அடியில் காற்று ஓடட்டும். எல்இடி உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்கின் மேல் மட்டும் அதை வைக்காதீர்கள். எல்இடியின் சூட்டை இறக்கத்தான் அந்த அலுமினியம், ரெசிஸ்டரின் சூட்டையும் அதன் தலையில் ஏற்றக்கூடாது.

தங்க நிறத்தில், இரு பக்கமும் திருகு ஓட்டையோடு வரும் அலுமினிய உறை ரெசிஸ்டர் கிடைத்தால் ஒன்று கவனியுங்கள். அதில் 50 வாட் என்று எழுதியிருப்பது, தகுந்த உலோகத் தகட்டில் முடுக்கினால் மட்டுமே. சும்மா தொங்கவிட்டால் அதில் பாதிகூடத் தாங்காது.

15 ஓம் கடையில் இல்லை என்கிறார்கள்.

10 ஓமும் 4.7 ஓமும் சீரீஸில் போடுங்கள், 14.7 வரும். அல்லது 30 ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாக, பேரலலில். பேரலலில் போட்டால் சூடும் இரண்டாகப் பிரியும். பழைய டிவி, பழைய யுபிஎஸ் பலகைகளிலும் சிமெண்ட் ரெசிஸ்டர் இருக்கும். கழற்றி மல்டிமீட்டரில் அளந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு ஓம் இரண்டு ஓம் கூடிப்போனால் பரவாயில்லை. முன்பு வந்த 13.7-க்குக் கீழே குறையக்கூடாது.

மூன்று மூன்றாக நாலு வரிசை. எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய ரெசிஸ்டர் போதாதா?

போதாது. ஒரே பாக்கெட்டில் வந்த எல்இடிகளும் ஒன்று போல இருக்காது. ஒரு வரிசை 9.4 கேட்கும், இன்னொன்று 9.8 கேட்கும். குறைவாகக் கேட்கும் வரிசை கரண்ட்டை இழுத்துக்கொள்ளும், சூடாகும், இன்னும் இழுக்கும். அது போனதும் அதன் பங்கு மற்ற மூன்றின் தலையில் விழும். வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். நாலு ரெசிஸ்டரின் விலை ஒரு எல்இடியின் விலையைவிடப் பெரிதில்லை.

எல்இடி சூடாகாது என்றுதானே சொல்கிறார்கள்? ஹீட்சிங்க் ஏன்?

முன்பக்கம் சூடாகாது, அது உண்மை. குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக முன்னே வீசிவிடும், கையை நீட்டினால் தெரியும். எல்இடியின் ஒளியில் அந்தச் சூடு இல்லை. ஆனால் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றைக்கும் சூடாகத்தான் மாறுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்குக்கு நான் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்வேன். அந்தச் சூடு முழுவதும் மிளகளவுகூட இல்லாத ஒரு சில்லின் முதுகு வழியாக மட்டுமே வெளியேற முடியும். முதுகில் உலோகம் இல்லையென்றால் வெளியேற வழியே இல்லை.

ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும்? கணக்கு உண்டா?

உண்டு, அதுவும் ஓம் விதி போலவேதான். சூடு என்பது கரண்ட், டிகிரி என்பது வோல்டேஜ், வழியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு ரெசிஸ்டர். ஒரு வாட் சூடு கடந்துபோக எத்தனை டிகிரி வித்தியாசம் தேவை என்பதே அதன் அளவு.

நம் மூன்று எல்இடி விளக்கையே எடுத்துக்கொள்வோம். 14.4 வோல்ட்டில் எல்இடிகளுக்குப் போவது 9.6 × 0.32, ஏறக்குறைய 3.1 வாட். அதில் முக்கால் பங்கு, 2.3 வாட் சூடு.

சில்லு எவ்வளவு சூடாகலாம்? 120 டிகிரிவரை தாங்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நல்ல நிறுவனத்துச் சரக்கு 150-கூடத் தாங்கும். உயிரோடு இருப்பதும் ஐந்து வருஷம் உழைப்பதும் வேறு வேறு. நான் 90 டிகிரியைத் தாண்டவிடுவதில்லை.

சுற்றியிருக்கும் காற்று எத்தனை டிகிரி? இங்கேதான் புத்தகம் 25 என்று எழுதும். 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பிராந்தியத்துச் சௌக் நகரில் வெயில் 48.2 டிகிரியைத் தொட்டது. யாங்கூனிலும் தண்ணீர்த் திருவிழா மாதத்தில் 40-ஐ ஒட்டி வரும். கரண்ட் இல்லாத இரவில் விசிறியும் ஓடாது, தகரக் கூரைக்கு அடியில் பகல் சூடு தேங்கி நிற்கும். நான் 42 என்று வைக்கிறேன்.

90-இல் 42 போனால் செலவழிக்க 48 டிகிரி இருக்கிறது. 1 வாட் எல்இடியின் உள்ளேயே வாட்டுக்கு 10 டிகிரி போகும், எல்இடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டுக்கு 1 டிகிரி. ஒவ்வொரு எல்இடியும் தன் பங்காக 0.77 வாட் சூடு தருவதால் அதற்கு 8.5 டிகிரி. மிச்சம் 39.5. அதை மொத்தச் சூடான 2.3-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 17 டிகிரி. இதற்கு மேல் போகாத ஹீட்சிங்க் வேண்டும். காற்றை 25 டிகிரி என்று வைத்திருந்தால் இதே கணக்கு 25 என்று முடிந்திருக்கும். பாடப்புத்தக அளவில் செய்த விளக்கு நம் ஊரில் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே பதில்.

இனி அலுமினியம். சின்ன, மட்டமான அலுமினியத் தகட்டைச் செங்குத்தாக, இரு பக்கமும் காற்றுப் பட வைத்தால், 1400-ஐ அதன் சதுர சென்டிமீட்டர் பரப்பால் வகுக்க வருவது, வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற அதன் கணக்கு, ஏறக்குறைய. இது என் கைக்கணக்கு, துல்லியமான சூத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1400-ஐ 17-ஆல் வகுத்தால் 82 சதுர சென்டிமீட்டர். இரு பக்கமும் சேர்த்துத்தான் பரப்பு என்பதால், ஆறரைக்கு ஆறரை சென்டிமீட்டர் தகடு ஒன்று போதும். நான் எட்டுக்கு எட்டு வெட்டுவேன். சுவரோடு ஒட்டி வைப்பதாக இருந்தால் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், அப்போது பத்துக்குப் பத்து. மூன்று எல்இடியையும் நடுவில் குவிக்காமல் பரப்பி வையுங்கள். தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சூடு ஓரம்வரை ஓடாது.

ஹீட்சிங்க் வாங்கப் பணம் இல்லை. வீட்டில் இருப்பதில் எது ஆகும்?

அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறைக்குப் போங்கள். மிச்சமாக வெட்டிப் போட்ட சட்டத்துண்டுகள் மூலையில் கிடக்கும், எடைக்குப் போடுவதற்காக வைத்திருப்பார்கள். ஒரு சாண் நீளத் துண்டு மூன்று வாட் விளக்குக்குத் தாராளம். என் வீட்டு அடுப்படி விளக்கு அப்படிச் செய்ததுதான்.

எவர்சில்வர் தட்டு வேண்டாம். பார்க்க உலோகம்தான், ஆனால் அலுமினியம் கடத்தும் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட அது கடத்தாது. எல்இடிக்குப் பின்னால் மட்டும் கொதிக்கும், தட்டின் ஓரம் குளிர்ந்தே இருக்கும். பழைய அலுமினியக் குண்டான் மூடி அதைவிட எவ்வளவோ மேல். செம்பு எல்லாவற்றிலும் சிறந்தது, ஆனால் அதை விற்றால் இரண்டு ஹீட்சிங்க் வாங்கலாம்.

பழைய கம்ப்யூட்டரின் பிராசசர் ஹீட்சிங்கைப் பலர் கொண்டுவருகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அதன் இதழ்கள் மிக நெருக்கமானவை, விசிறிக் காற்று அடித்து உள்ளே தள்ளுவதற்காகச் செய்தவை. விசிறி இல்லாமல் காற்று தானாக எழும்ப, இதழ்களுக்கு நடுவே 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகவே அது தன் உருவத்துக்குத் தகுந்த வேலையைச் செய்யாது. இருந்தாலும் 3 வாட்டுக்கு அதிகமாகவே செய்யும். விசிறியையும் சேர்த்து ஓட்டலாமா என்றால், சின்ன விசிறியே 0.1 ஆம்பியர் குடிக்கும். நம் விளக்கே 0.2-தான் குடிக்கிறது.

இதழ் உள்ள எதையும் இதழ்கள் மேலிருந்து கீழாக நிற்கும்படி மாட்டுங்கள். சூடான காற்று மேலே போக அதுதான் வழி.

பேஸ்ட் எவ்வளவு தடவ வேண்டும்?

தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது போல. பேஸ்ட் நல்ல கடத்தி என்று நினைத்து அள்ளிப் பூசுகிறார்கள். சாதாரண வெள்ளைப் பேஸ்ட் அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மட்டமான கடத்தி. அதன் வேலை, இரு உலோகமும் தொடாத நுண்ணிய பள்ளங்களில் இருக்கும் காற்றை விரட்டுவது மட்டும். மெல்லப் பூசி, 3 மில்லிமீட்டர் திருகு இரண்டால் சீராக இறுக்குங்கள். திருகின் தலை சால்டர் புள்ளியைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள்.

ஒயரை முதலில் சால்டர் செய்துவிட்டு அப்புறம் ஹீட்சிங்கில் மாட்டுங்கள். மாட்டிவிட்டுச் செய்தால் சால்டரிங் இரும்பின் சூட்டையெல்லாம் அலுமினியம் குடித்துவிடும், ஈயம் உருகாது.

கருப்பு அடித்தால் நன்றாகக் குளிரும் என்கிறார்களே?

விசிறி இல்லாத ஹீட்சிங்கில் அது உண்மை. பளபள அலுமினியம் சூட்டைக் கதிராக வெளியே விடவே விடாது, கருப்பு ஆனோடைஸ் செய்தது நன்றாக விடும். மெல்லிய மங்கல் வண்ணம் எந்த நிறமானாலும் உதவும். எல்இடி உட்காரும் இடத்தில் மட்டும் வண்ணம் படக்கூடாது. கெட்டியான எனாமல் அடித்துப் போர்வை போர்த்திவிடாதீர்கள்.

ஒரே தகட்டில் பல எல்இடி. ஷார்ட் ஆகாதா?

நட்சத்திர வடிவ அலுமினியப் பலகையில் ஒட்டி வருபவை பொதுவாக ஆகாது, நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் இருக்கும். பலகை இல்லாத, வெறும் குமிழாக விற்கும் எல்இடியின் முதுகு சிலவற்றில் ஒரு காலோடு சேர்ந்திருக்கும். மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து முதுகையும் காலையும் தொட்டுப் பாருங்கள்.

10 வாட் சதுரச் சில்லுக்கும் ரெசிஸ்டர் போடலாமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு திருவிழாவில், தீமிதிக்கு வெளிச்சம் வேண்டும் என்று 10 வாட் சில்லு ஆறை, ரெசிஸ்டர்கூட இல்லாமல், வெறும் தகரத்தில் ஒட்டி நேரே பேட்டரியில் கட்டினேன். 12 வோல்ட் சில்லு, 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதானே என்று நினைத்தேன். பேட்டரி இறங்குகிறது என்று யாரோ ஜெனரேட்டர் சார்ஜரைப் போட்டார்கள். குழியில் பக்தர்கள் இறங்கும் நேரத்துக்கு ஆறில் நாலு அணைந்தன. பூசாரியின் பையன் டார்ச் பிடித்தான். யாருக்கும் காயமில்லை, ஆனால் அந்த இருட்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சில்லு 9 முதல் 11 வோல்ட் கேட்கும், 0.9 ஆம்பியர் பக்கம் குடிக்கும். 10 என்று வைத்தால், 12.6-க்குத் தகுந்த ரெசிஸ்டர் 2.9 ஓம். 14.4 வரும்போது அதே ரெசிஸ்டரில் ஒன்றரை ஆம்பியர் ஓடும். 14.4-க்குத் தகுந்ததைப் போட்டால் பேட்டரியில் ஓடும்போது பாதி வெளிச்சம். வோல்டேஜ் எப்படி ஆடினாலும் கரண்ட்டை ஒரே அளவில் வைக்கும் டிரைவர் பலகை ஒன்று வாங்குங்கள். 3 வாட்வரை ரெசிஸ்டர், அதற்கு மேல் டிரைவர் என்பது என் கோடு.

ஹீட்சிங்கும் வேறு அளவு. சூடு 6.75 வாட். முன் சொன்ன கணக்குப்படி வாட்டுக்கு 4 டிகிரி போலத் தேவை. மட்டத் தகடு என்றால் 350 சதுர சென்டிமீட்டர், இரு பக்கமும் காற்றுப் படும் 13-க்கு 13 தகடு.

எல்எம்317 (வோல்டேஜைச் சீராக்கும் மூன்று கால் ஐசி) வைத்து நானே டிரைவர் செய்யலாமா?

செய்யலாம், படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். 1.25-ஐ ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் வருவதுதான் கரண்ட். 3.9 ஓம் போட்டால் 0.32 ஆம்பியர், ஒரு வாட் ரெசிஸ்டர் போதும். ஆனால் அது தன் வேலைக்கே 3 வோல்ட் பக்கம் எடுத்துக்கொள்ளும். மூன்று எல்இடிக்குப் பேட்டரியில் போதாது, இரண்டுக்கு நன்றாக வரும். 14.4-இல் அதுவும் 2 வாட்டுக்கு மேல் சூடாகும், அதற்கும் தனி ஹீட்சிங்க் வேண்டும். அதன் உலோக முதுகு வெளியீட்டுக் காலோடு சேர்ந்தது, எல்இடித் தகட்டில் மாட்டுவதானால் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்காத் துண்டு வையுங்கள்.

எல்லாம் கட்டிவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கரண்ட் அளக்க ஒயரை அறுக்க வேண்டாம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனையிலும் வையுங்கள். 3 வோல்ட் காட்டினால், 15-ஆல் வகுக்க 0.2 ஆம்பியர். சார்ஜர் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள்.

சூட்டுக்கு முக்கால் மணி நேரம் காத்திருங்கள். ஐந்து நிமிஷத்தில் தொட்டுப் பார்த்து "சில்லென்று இருக்கிறது" என்பவர்கள் ஏமாறுகிறார்கள், அலுமினியம் மெதுவாகத்தான் ஏறும். எல்இடிக்குப் பக்கத்துத் தகட்டில் விரலை வையுங்கள். வைத்தபடி பத்து எண்ண முடிந்தால் 50 டிகிரி பக்கம். உடனே எடுக்கத் தோன்றினால் 60-ஐத் தாண்டிவிட்டது. குளிர்காலமான டிசம்பரில் சோதிப்பவர்கள், ஏப்ரலில் இன்னும் 15 டிகிரி ஏறும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சோதிக்கும்போது எரியும் எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்கவிடாதீர்கள்.

வெளிச்சம் நீலமாகிறது. சிலது கண் சிமிட்டுகிறது.

வெள்ளை எல்இடி என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே இருப்பது நீலச் சில்லு, அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அளவுக்கு மீறிச் சூடானால் பூச்சு கெட்டு, அடியில் இருக்கும் நீலம் தெரிய ஆரம்பிக்கும். கண் சிமிட்டுவது, உள்ளே முடியளவு ஒயர் அறுந்து, சூடானால் விலகி ஆறினால் ஒட்டுவதால். இரண்டுக்கும் மருந்து கிடையாது. மாற்றுவதற்கு முன் ஹீட்சிங்கைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

மழைக்காலத்தில்?

யாங்கூனில் ஜூன் முதல் செப்டம்பர்வரை சுவரே வியர்க்கும். மூட்டுகளுக்கு வார்னிஷ் தடவுங்கள். பெட்டியை முழுக்க மூடினால் ஹீட்சிங்கை வெளியே நிறுத்துங்கள். முதல் மழைக்கு வரும் ஈசல், வெளிச்சத்தில் மொய்த்து இதழ்களுக்குள் இறகை நிரப்பிவிடும். மறுநாள் காலையில் ஒரு பழைய பல் துலக்கியால் தட்டிவிடுங்கள்.

பியூஸ் அவசியமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். எல்இடி போனால் காசு போகும், பேட்டரி ஒயர் ஷார்ட் ஆனால் வீடு போகும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 ஆம்பியர் பியூஸ்.

230 வோல்ட்டில் நேராக, ஒரு கெப்பாசிட்டர் வைத்து எரிக்கும் படம் கிடைத்தது. செய்யலாமா?

கூடாது. அதில் எல்இடியும் ஹீட்சிங்கும் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். தகட்டைத் தொட்ட கை பிழைப்பது அதிர்ஷ்டம்.

7 ஆம்பியர் மணி யுபிஎஸ் பேட்டரியில் எத்தனை மணி நேரம் எரியும்?

மூன்று எல்இடி, 15 ஓம், சராசரி 0.2 ஆம்பியர். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதால் 3.5 ஆம்பியர் மணிதான் நமக்கு. 3.5-ஐ 0.2-ஆல் வகுத்தால் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். பழகிய பேட்டரி என்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறுக்குப் போட்டால், பிள்ளை படித்து முடித்து, பாத்திரம் கழுவி, கடைசி ஆள் கதவைச் சாத்தும்வரை எரியும்.